தலைமன்னார் கப்பலில் மோட்டார் சைக்கிளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே மீண்டும் கப்பல் விடுவது பற்றிய செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களில் வெளிவருகின்றன. 2024 டிசம்பரில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க புதுடெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையிலும், நாகப்பட்டினம் - காங்கேசன்துறை சேவையைத் தொடர்ந்து இராமேஸ்வரம் - தலைமன்னார் பயணிகள் கப்பலையும் விரைவில் தொடங்க இரு நாட்டு அதிகாரிகளும் முயல வேண்டும் என்று கூறப்பட்டிருந்தது. அந்தக் கப்பலில் பயணி தன் மோட்டார் சைக்கிளையும் உடன் கொண்டுசெல்ல இடம் ஒதுக்க வேண்டும், அதற்குரிய சுங்க ஏற்பாட்டையும் இறங்குதளத்தின் வரைபடத்திலேயே சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் இக்கடிதத்தின் கோரிக்கை. தூத்துக்குடியில், சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வண்டியைக் கடல் கடத்துவதில் உள்ள சங்கடங்களை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பயணிகளுக்கே இன்னும் கப்பல் வரவில்லை, அதற்குள் வண்டிக்கு இடமா என்று சிலர் நகைக்கக்கூடும். அப்படி நகைப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில் தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனைக்குச் சென்று நிற்கட்டும். 2017-இல் அங்குவரை சாலை திறக்கப்பட்ட பிறகு, இருபுறமும் தகரப் பெட்டி கட்டி, பின்னால் கூடாரச் சுருளும் கயிறுமாக, மகாராஷ்டிரா, கேரளா, பஞ்சாப் பதிவெண்களோடு வண்டிகள் வந்து நிற்பதையும், ஓட்டி வந்தவர்கள் அசோகத் தூணருகே படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புவதையும் காணலாம். எதிர்க்கரை முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த முப்பது கிலோமீட்டருக்கு வழியில்லை.

வேறு திசையில் போகலாமே என்றால் அதுவும் எளிதன்று. மேற்கே பாகிஸ்தான் எல்லையிலுள்ள அட்டாரி சோதனைச்சாவடி 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. கிழக்கே மியான்மர் வழியாகத் தாய்லாந்து செல்லும் பாதை தொற்றுக் காலத்தில் அடைபட்டது. 2021-இல் அங்கு இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின், நெடுந்தூரப் பயணம் போகிறவர்கள் அதை நம்பிக் கிளம்புவதில்லை. சீனாவுக்குள் சொந்த வண்டியில் நுழைய வேண்டுமானால் அரசு அனுமதி பெற்ற வழிகாட்டியையும் செலவு கொடுத்துக் கூடவே அழைத்துச் செல்ல வேண்டும். நேபாளத்தையும் பூடானையும் விட்டால், சாலை வழியே சிக்கலின்றிச் செல்லக்கூடிய அயல்நாடு நமக்கு அநேகமாக இல்லை. ஆகவே இன்று நெடும்பயணம் புறப்படும் இந்தியர், வண்டியைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றித்தான் முதல் நாட்டையே தொட முடிகிறது.

கடல் தாண்டுவது இக்கரைக்குப் புதிதன்று. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடி - தலைமன்னார் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஏறியவர் ரயில், கப்பல், மறுபடியும் ரயில் என்று மாறிக் கொழும்பில் இறங்கினார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளில் இலங்கையில் போர் மூண்டபோதுதான் நின்றது. இராமேஸ்வரத் தீவுக்கே 1988 அக்டோபர் வரை சாலைப் பாலம் கிடையாது. அதுவரை காரானாலும் மோட்டார் சைக்கிளானாலும் மண்டபத்தில் ரயில் வண்டியில் ஏற்றித்தான் பாம்பனைக் கடத்த வேண்டியிருந்தது. வாகனத்தைத் தண்ணீர் தாண்டி அனுப்பும் வேலையை அவ்வளவு காலம் செய்து பழகிய ஊருக்கு இன்று அதற்கு ஒரு வழியும் இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

இப்போது இராமநாதபுரத்தில் இருக்கும் ஓர் இளைஞர் தன் புல்லட்டை இலங்கைக்குக் கொண்டுபோக விரும்பினால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டியை முதலில் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மரப்பெட்டி அடிக்க வேண்டும். மேலை நாடுகளில் ஷோரூம்காரர்களிடம் புது வண்டி வந்த இரும்புச் சட்டம் சும்மாவே கிடைக்கும் என்பார்கள். நம் ஊர் ஷோரூம்களுக்கு வண்டிகள் லாரியில் நின்றபடியே வருவதால் அந்தச் சட்டம் கிடைப்பது அரிது, தச்சரைத்தான் தேட வேண்டும். எந்த மரத்தையும் போட்டு அடித்துவிடவும் முடியாது. பூச்சி பரவாமலிருக்கச் சூடேற்றிய மரம் என்பதற்கு அடையாளமாக, கோதுமைக் கதிர் போன்ற சின்னமும் எச்.டி. என்ற எழுத்துகளும் பலகையில் முத்திரையாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் மறுகரையில் பெட்டியையே தடுத்து நிறுத்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு.

வண்டியை ஏற்றும்போது பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பேட்டரி முனைகளைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றி, முன்சக்கரத்தையும் எடுத்துவிட்டு, ஹேண்டில்பாரைத் தளர்த்தி டேங்கின் மேல் படுக்க வைத்தால் பெட்டியின் கன அளவு வெகுவாகக் குறையும். இதில்தான் பணமே இருக்கிறது. பிறர் சரக்கோடு பங்கிட்டு ஒரே கண்டெய்னரில் அனுப்பும்போது, கன மீட்டருக்கோ ஆயிரம் கிலோவுக்கோ, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். புல்லட்டின் எடை இருநூறு கிலோ அளவுதான். முழு வண்டியாக நிறுத்தினால் பெட்டி இரண்டே முக்கால் கன மீட்டரை எட்டும், மேலே சொன்னபடி பிரித்தால் ஒன்றே முக்காலில் அடக்கிவிடலாம். விமானச் சரக்கில் இந்த வித்தியாசம் இன்னும் கடுமையாகக் கடிக்கும். அங்கே ஒரு கன மீட்டரை 167 கிலோவாகக் கணக்கிடுவதால், அதே வண்டி பிரித்தால் 292 கிலோ, பிரிக்காவிட்டால் 459 கிலோ என்று பில் வரும், போதாக்குறைக்கு யு.என். 3166 என்ற எண்ணில் அபாயகரப் பொருளாகவும் அறிவிக்க வேண்டும்.

கட்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஹேண்டில்பாரின் நுனியில் பட்டையைப் போட்டு இழுப்பவர்கள் உண்டு. கப்பல் ஆடும்போது அது வளைந்துவிடும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்பகுதியிலும் பின்சட்டத்திலும் பட்டை போட்டு, ஷாக் அப்சார்பர் பாதியளவு அமுங்கும்வரை இறுக்கி, என்ஜினுக்குக் கீழே சட்டத்துக்கு ஒரு கட்டை கொடுப்பதே முறை. விவரம் தெரிந்த தச்சர் முன்பக்கத்து ஒரு பலகையை மட்டும் ஆணி அடிக்காமல் விட்டு வைப்பார். சுங்க அதிகாரி வந்து, ஹேண்டில் கழுத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை டார்ச் அடித்துப் பார்த்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டு முடித்த பிறகுதான் அந்தப் பலகைக்கு ஆணி விழும்.

இவ்வளவும் முடிந்து பெட்டி போன பின், கண்டெய்னர் நிரம்பும்வரை அது சரக்ககத்தில் காத்திருக்கும். வண்டிக்காரர் மதுரையிலிருந்து விமானம் ஏறிக் கொழும்பில் அறை எடுத்துக் காத்திருப்பார். அங்கே போனதும்தான் அடுத்த அதிர்ச்சி. எங்கள் பகுதி இளைஞர் ஒருவருக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஏஜென்சி மிகக் குறைந்த கடல் கட்டணத்தைச் சொல்லி ஆசை காட்டியது. கண்டெய்னரிலிருந்து இறக்கும் கூலி, சரக்கை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் டெலிவரி ஆர்டருக்கான கட்டணம், சரக்கக வாடகை, அங்குள்ள ஏஜென்டின் கூலி என்று கொழும்பில் நீட்டிய பட்டியல் அந்தக் கடல் கட்டணத்தைப் போல் பல மடங்கு இருந்தது. சட்டப்படி அதில் ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் உள்ள கட்டணங்களே. முன்கூட்டி எழுதித் தரவில்லை, அவ்வளவுதான். வண்டி அனுப்ப நினைப்போர் கடல் கட்டணத்தைக் கேட்கும்முன் இறங்கும் துறைமுகத்துக் கட்டணங்களை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இவ்வளவு செலவும் அலைச்சலும் ஐரோப்பாவுக்குப் போகும் வண்டிக்கானால் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கரைக்குப் போக இது தேவைதானா?

இனி கார்னெட் என்ற புத்தகத்துக்கு வருகிறேன். வண்டியை விற்காமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கு நாடுகள் ஏற்றுக்கொள்ளும் உத்தரவாதப் பத்திரம் அது. நம் நாட்டில் நெடுங்காலமாக மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் அதை வழங்கி வந்திருக்கிறது. வண்டியின் மதிப்பையும் செல்லும் நாட்டின் வரியையும் பொறுத்து வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கொடுக்க வேண்டும், ஓராண்டு செல்லும். ஒவ்வொரு தாளிலும் நுழைவுக்கு ஒரு துண்டு, வெளியேறுவதற்கு ஒரு துண்டு, புத்தகத்தோடு தங்கும் அடிக்கட்டை என மூன்று பகுதிகள் இருக்கும். நுழையும்போது ஒரு துண்டையும் வெளியேறும்போது ஒரு துண்டையும் அதிகாரி கிழித்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரை குத்த வேண்டும். வெளியேறும் முத்திரை விடுபட்டால், வண்டி அந்நாட்டிலேயே தங்கிவிட்டது என்று கொண்டு, முழு இறக்குமதி வரியையும் கேட்டு நோட்டீஸ் வரும். இலங்கை 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்து 2025-இல்தான் தளர்த்திய நாடு; அங்கே வாகன வரி எவ்வளவு கடுமை என்பதை நம் மீனவக் குடும்பங்களுக்கு அங்குள்ள உறவினர்களே சொல்லியிருப்பார்கள். ஆகவே இராமேஸ்வரம் இறங்குதளத்தில் கார்னெட் பார்த்துப் பழகிய சுங்க அதிகாரி ஒருவராவது இருக்க வேண்டும். பயணிகளின் பையைச் சோதிக்கும் மேசை மட்டும் போட்டுவிட்டு, வண்டிக்குத் தூத்துக்குடி போங்கள் என்று சொன்னால், கப்பலில் இடம் விட்டும் பயனில்லை.

வாகனத்தோடு பயணியை ஏற்றும் கப்பல் நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. குஜராத்தில் கோகாவுக்கும் ஹசீராவுக்கும் இடையே 2020 நவம்பர் முதல் ஓடும் கப்பலில் லாரியும் காரும் மோட்டார் சைக்கிளும் ஏறுகின்றன. மும்பையிலிருந்து மாண்ட்வாவுக்கும் அதே ஆண்டு முதல் அப்படியே. கோகா - ஹசீரா கடல் தூரம் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை தூரம் அதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் காங்கேசன்துறைக்கு ஓடும் சிவகங்கை கப்பலில் ஆட்களும் அவர்களது மூட்டை முடிச்சுகளும் மட்டுமே போக முடிகிறது. தலைமன்னார் இவ்விரண்டையும்விடக் கிட்டத்தில் இருக்கிறது.

பாக் நீரிணையில் ஆழம் குறைவு, பெரிய கப்பல் வராது, காரும் லாரியும் ஏற்ற இயலாது என்று பொறியாளர்கள் சொன்னால் அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் போதும். பின்தளத்தில் ஒரு வரிசை, தரையில் பட்டை கட்டும் வளையங்கள், சக்கரம் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான சாய்தளம், இவ்வளவே தேவை. இறங்குதளம் கட்டிய பிறகு படிக்கட்டை உடைத்துச் சாய்தளம் போடுவது எவ்வளவு வீண் செலவு என்பதை நம் ஊர்ப் பொதுக்கட்டடங்களிலேயே பார்த்திருக்கிறோம். அக்கரையிலும் தடையில்லை, தலைமன்னாரில் இறங்கியதும் மன்னார் வழியாக மதவாச்சி செல்லும் ஏ14 சாலை இருக்கிறது, நம்மைப் போலவே இடப்புறம் செல்லும் நாடும் அது.

கடத்தலுக்கு வழிவகுக்கும் என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும். தங்கமும் பீடி இலையும் மஞ்சளும் கடல் அட்டையும் இக்கரையில் பிடிபடும் செய்திகளைப் படிக்கும் எவருக்கும் அந்த அச்சம் நியாயமாகவே தோன்றும். அதை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் அவை பிடிபடுவது பெரும்பாலும் இரவில் புறப்படும் படகுகளில். சேஸிஸ் எண், என்ஜின் எண், உரிமையாளர் பெயர், வங்கி உத்தரவாதம் எல்லாம் பதிவான ஒரு வண்டியில், அதுவும் ஸ்கேனர் வைத்த இறங்குதளத்தின் வழியாகக் கடத்துகிறவன் இருந்தால் அவனைப் பிடிப்பது எளிது. சோதனைக்குக் கூடுதல் நேரம் ஆகும் என்றால், வண்டிக்காரர்கள் முந்தைய மாலையே வர வேண்டும் என்று விதி போடலாம். ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவை நின்றுபோவதையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆள் மட்டுமென்றால் கொழும்பிலிருந்து விமானத்தில் வந்துவிடுவார். வண்டி அக்கரையில் சிக்கினால் அதன் அனுமதிக் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். கப்பல் நிறுத்தத்தால் திரும்ப முடியாதவர்களின் வண்டிக்கு அனுமதிக் காலம் தானாக நீளும் என்ற ஒரு வரியை இரு நாட்டு ஒப்பந்தத்திலேயே சேர்த்தால், பின்னால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிராது.

இதற்காகப் பயணிகள் சேவை ஒரு நாளும் தாமதமாகக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்திலும் மற்ற இலங்கை அகதி முகாம்களிலும் இருப்பவர்களுக்கும், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உறவு வைத்திருப்பவர்களுக்கும் கப்பல் முதலில் தேவை; மோட்டார் சைக்கிள் அதற்கு அடுத்ததுதான். வரைபடத்தில் சாய்தளமும் கார்னெட் முத்திரை குத்தும் அதிகாரமும் இருந்தால் போதும், வண்டி ஏற்றுவதை இரண்டாம் ஆண்டில்கூடத் தொடங்கலாம். தமிழ்நாடு கடல்சார் வாரியமும் சுங்கத் துறையும் இறங்குதள வரைபடத்தை முடிவு செய்யும்முன் இராமேஸ்வரத்தில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தி, மீனவர் சங்கங்களோடு கிளியரிங் ஏஜென்டுகளையும் நெடுந்தூரப் பயணிகளையும் அழைத்துக் கேட்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.