இரவில் கொடுக்கும் அடி

அன்புள்ள செந்தில்,

நேற்று வீடியோ அழைப்பில் வித்யாவோடு பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டு வாசல் மணி அடித்தது. தரையில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த கவின், அதை அப்படியே போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினான். வந்தவன் நீ. மதியம் தங்கையைக் கடித்ததற்கு இரவு அப்பாவிடம் அடி உண்டு என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது.

"அடித்தால் அடங்குகிறான் அம்மா" என்றாய். அடங்குகிறான்தான், மறுக்கவில்லை. ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு வருடக்கணக்கில் நான் நடத்திய பாடம் இது. ஒரு செயலின் விளைவு அந்தச் செயலைக் குறைத்தால்தான் உளவியலில் அது தண்டனை. வேண்டாததைக் கொடுப்பது ஒரு வகை, வேண்டியதைப் பறிப்பது இன்னொரு வகை. செயல் குறையவில்லை என்றால் அது வெறும் அடி, அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1938-இல் எழுதிய எலிச் சோதனையை உனக்குச் சொல்ல வேண்டும். நெம்புகோலை அழுத்தினால் உணவு கிடைக்கும் என்று பழகிய எலிகளுக்கு உணவை நிறுத்தினார். சில எலிகளுக்கு மட்டும், தொடக்கத்தில் அழுத்தும்போதெல்லாம் பாதத்தில் ஓர் அடி விழுந்தது. அவை சட்டென்று அடங்கின. அடி நின்றதும் மறுபடி அழுத்தத் தொடங்கின. இரண்டு நாள் முடிவில், அடி வாங்காத எலிகள் எத்தனை முறை அழுத்தினவோ ஏறக்குறைய அத்தனை முறை இவையும் அழுத்தியிருந்தன. பழக்கம் போகவில்லை, பதுங்கியிருந்தது.

தண்டனையே பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஆஸ்ரின், ஹோல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1966-இல் புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். செய்த உடனே, ஒவ்வொரு முறையும் தவறாமல் கிடைத்தால் தண்டனை நன்றாகவே செயலைக் குறைக்கும். லேசாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினால் பழகிப்போகும். நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று: வேண்டியதை அடைய இன்னொரு வழி திறந்திருந்தால், தண்டனைக்கு உட்பட்ட செயல் மிக எளிதாகக் கைவிடப்படுகிறது.

இப்போது கவினைப் பார். தங்கை ரயிலைப் பிடுங்குகிறாள், இவன் கடிக்கிறான், மறுநொடி ரயில் கைக்கு வந்துவிடுகிறது. கடித்ததற்குப் பரிசு உடனே கிடைத்தாயிற்று! உன் அடி வருவதோ பல மணி நேரம் கழித்து. வளர்ந்தவன் என்றால் காரணத்தை நினைவூட்டிப் புரியவைக்கலாம். நாலு வயதுக்காரனுக்கு அந்த அடி மதியக் கடியோடு ஒட்டாது, உன் வருகையோடுதான் ஒட்டும். குறைந்திருப்பது உன்னிடம் ஓடி வருவதுதான், செந்தில். எனக்கு அது தாங்கவில்லை.

வித்யாவிடமும் இதைப் படிக்கக் கொடு. "அப்பா வரட்டும்" என்பதை அவள் இன்றோடு விட்டுவிடட்டும். கடித்தால், அந்தக் கணமே ரயில் சிறிது நேரத்துக்கு அலமாரிக்குப் போகட்டும். கடிக்காமல் "அம்மா, பாப்பா எடுக்கிறாள்" என்று வந்து சொன்னால், கைவேலையைப் போட்டுவிட்டு ரயிலை வாங்கிக் கொடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் கடிப்பது கூடவும் செய்யலாம். இதுவரை பலித்த வழி பலிக்காதபோது குழந்தை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அப்போது கையை ஓங்கிவிடாதே, இரவு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அம்மா