பில்ட் சர்வரை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிப் பாதுகாப்பு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கடைசியில் ‘போனை அப்டேட் செய்யுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள்’ என்றுதான் முடிகிறது. சரி, தப்பில்லை. ஆனால் நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கப் பயன்படுத்தும் கருவிகளிலேயே ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் வாய் திறப்பதில்லை, திறந்தால் மாட்டுவது நாங்கள்தானே!

பஃபர் ஓவர்ஃப்ளோ பழைய வியாதி. நினைவகத்தில் தரவுக்கென ஒதுக்கிய இடம்தான் பஃபர். அதைவிடப் பெரிய தரவை அளவு பார்க்காமல் கொட்டினால், வழிவது பக்கத்தில் இருப்பதை அழித்துக்கொண்டு உட்காரும். வழிவது என்ன என்பதை வெளியாள் தீர்மானித்தால் கணினியே அவன் கைக்குப் போகலாம். 1988-இல் மாரிஸ் புழு என்ற, தானாகவே பரவும் நிரல் கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. அதே வியாதிதான் 2023 அக்டோபரில் கர்லில், அதாவது இணையம் வழியாகத் தரவை எடுக்கவும் அனுப்பவும் நாங்கள் பயன்படுத்தும் கருவியில் வெளிப்பட்டது. சாக்ஸ்5 வகை ப்ராக்ஸி (நடுவில் நின்று இணைப்பைக் கடத்திவிடும் சர்வர்) வழியாகப் போகும்போது தளத்தின் பெயர் 255 பைட்டைத் தாண்டினால், அதை ப்ராக்ஸியிடம் கொடுக்காமல் கர்லே முகவரியைத் தேட வேண்டும். ப்ராக்ஸி பதில் சொல்லத் தாமதித்தால் நிரல் அந்த முடிவை மறந்துவிட்டு, முழு நீளப் பெயரையும் பஃபருக்குள் எழுதிவிடும். அவ்வளவுதான் பிழை. 7.69.0 பதிப்பில் நுழைந்தது, 8.4.0-இல்தான் சரியானது. அதே ஆண்டு ஜனவரியில், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் என்ற கருவிக்கும் இதே மாதிரி அவசரமாக 2.39.1 வந்தது.

எங்கள் குழுவில் எல்லா லேப்டாப்பிலும் உடனே கர்லைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். பல மாதம் கழித்து ஒருவர் தற்செயலாக, நாங்கள் எழுதும் நிரலை வெளியிடத் தயாரான மென்பொருளாகக் கட்டும் பில்ட் சர்வரின் கன்டெய்னர் இமேஜை (தேவையான கருவிகளை ஒன்றாகக் கட்டிவைத்த பொதியை) திறந்து பார்த்தால், பழைய கர்ல் அப்படியே இருக்கிறது! இது எங்கள் மென்பொருள்தான் என்று வெளியீட்டுக்கு டிஜிட்டல் கையொப்பமிடும் சாவி இருப்பதும் அதே சர்வரில்தான். அப்புறம் தோண்டியதில், இன்னொரு கருவி கர்லின் நிரல் நூலகமான லிப்கர்லைத் தனக்குள்ளேயே சேர்த்துக் கட்டி வைத்திருந்தது; சிஸ்டத்தில் கர்லை எத்தனை முறை அப்டேட் செய்தாலும் அது மாறாது, அந்தக் கருவியின் புதுப் பதிப்பு வந்தால்தான் உண்டு. இதில் பதிப்பு எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுத்து வெளியிடும் சிலர் எண்ணை மாற்றாமலே பழைய பதிப்புக்குள் பேட்ச் (பிழைத் திருத்தம்) போட்டுவிடுவார்கள், அதனால் அவர்களின் பாதுகாப்பு அறிவிப்பைத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அலுப்பான வேலை, அதனால்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்த முறை அப்டேட் பற்றி எழுதும்போது பில்ட் சர்வருக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். எங்கள் மேலாளர் நாங்கள் அனுப்பும் மின்னஞ்சலைப் படிக்கிறாரோ இல்லையோ, உங்கள் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் ஊழியர்