குவார்தாதோவுக்கு, இடது விங் சார்பில் ஒரு புகார்

அன்புள்ள ஆந்த்ரேஸ் குவார்தாதோ அவர்களுக்கு,

நீங்கள் கால்பந்திலிருந்து ஓய்வு பெற்றபோது எல்லோரும் எண்களைத்தான் எழுதினார்கள். மெக்சிகோவுக்காக 177 ஆட்டம் ஆடிய கிளாடியோ சுவாரெஸையே தாண்டியவர், ஐந்து உலகக் கோப்பை கண்டவர் என்று. உங்களுக்கு முன்னால் உங்கள் நாட்டில் ஐந்து உலகக் கோப்பையில் ஆடியவர்கள் அந்தோனியோ கார்பஹாலும் ரஃபா மார்கேஸும்தான், பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு உங்கள் மேல் வேறு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நீங்கள் ஒரு விங்கர், களத்தின் ஓரமாக ஓடி முன்னால் போய்த் தாக்கும் ஆள். அதை எல்லாப் பயிற்சியாளர்களும் சேர்ந்து மறக்கடித்துவிட்டார்கள், நீங்களும் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டீர்கள்.

2006 ஜூன் 24, லைப்சிக். எதிரே அர்ஜென்டினா, நாக் அவுட் ஆட்டம். பயிற்சியாளர் லா வோல்பே அறிவித்த அணியில் உங்கள் பெயரைப் பார்த்து மெக்சிகோவில் பாதிப் பேர் திகைத்திருப்பார்கள். வயது 19, மெக்சிகோவின் அட்லாஸ் அணிக்காக முதல் டிவிஷனில் ஆடத் தொடங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அந்த உலகக் கோப்பையில் அதுவரை ஒரு நிமிடம்கூடக் களம் இறங்கியதில்லை. அப்படிப்பட்ட பையனை நேராகத் தொடக்க அணியில் போட்டார். இடது பக்கம் பந்து வந்தால் திரும்பிக் கொடுக்காமல் டிஃபென்டரை நோக்கியே ஓடினீர்கள். கூடுதல் நேரத்தில் மாக்சி ரோட்ரிகெஸ் நெஞ்சில் வாங்கி இடது காலால் அடித்த அந்தப் பாழாய்ப்போன கோலில் ஆட்டம் போனது, ஆனால் உங்களை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஸ்பெயினில் தெபோர்தீவோ லா கொருன்யா வாங்கிக்கொண்டது.

அங்கே 2011-இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் நீங்கள் கிளம்பவில்லை. இரண்டாம் டிவிஷனில் ஒரு சீசன் ஆடி, கோல் அடித்து, சாம்பியனாக மேலே ஏற்றிவிட்டுத்தான் வலென்சியா போனீர்கள். நல்ல மனிதர் என்று அப்போதே தெரிந்தது. வலென்சியா செய்த காரியத்தைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. லெஃப்ட் பேக்! முன்னால் ஓடிக் கிராஸ் போட வேண்டிய ஆளைப் பின்னால் நிறுத்தி, எதிரணி விங்கர்களைக் காவல் காக்கச் சொன்னார்கள். அப்புறம் ஜெர்மனியின் லெவர்குசனுக்குக் கடனாக ஒரு அரை சீசன். அங்கே ஆடியதைவிட பெஞ்சில் இருந்ததுதான் அதிகம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்களில் நானும் உண்டு. நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவன் அணியில் பயிற்சியாளர் பிலிப் கோக்கு உங்களை நடுக்களத்தில், டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். வேகத்துக்குப் பதிலாகத் தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம், கிராஸுக்குப் பதிலாகக் குறுக்கே வெட்டிப் போகும் பாஸ். 2015-இலும் 2016-இலும் நெதர்லாந்து லீக் பட்டம். கோக்கு செய்தது சரி என்று புத்திக்குத் தெரிகிறது. அவர் அப்படி மாற்றியிருக்காவிட்டால் 36 வயதில் கத்தாரில் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டோம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகள் மோதும் 2015 கோல்ட் கப் பற்றி எழுதாமல் விட முடியாது. கால் இறுதியில் கோஸ்தா ரிகாவுக்கு எதிராகக் கூடுதல் நேரமும் முடியும் தறுவாயில் ஒரு பெனால்ட்டி, நீங்கள்தான் அடித்தீர்கள். அதுவே சந்தேகமான பெனால்ட்டி. அட்லாண்டாவில் நடந்த அரை இறுதி அதைவிட மோசம். பனாமாவுக்கு முதல் பாதியிலேயே ஒருவருக்குச் சிவப்பு அட்டை, பத்துப் பேரோடு ஆடியும் அவர்கள்தான் 1-0 முன்னிலை. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ரோமான் தோரெஸ் கீழே விழுகிறார், விழுந்தவர் கையில் பந்து படுகிறது, நடுவர் மார்க் கைகர் பெனால்ட்டி என்கிறார். பனாமா ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள், தள்ளுமுள்ளு, ஆட்டம் பத்து நிமிடம் போல நின்றது. அவ்வளவு நேரமும் நீங்கள் காத்துக்கொண்டிருந்தீர்கள். அடித்தீர்கள், கோல். கூடுதல் நேரத்தில் இன்னொரு பெனால்ட்டி, அதுவும் கோல். 2-1.

வேண்டுமென்றே வெளியே அடித்துவிடலாமா என்று தோன்றியதாக ஆட்டம் முடிந்ததும் நீங்களே சொன்னீர்கள். சிலர் அதைப் பெருந்தன்மை என்றார்கள், சிலர் நாடகம் என்றார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. தோன்றியதையும் சொன்னீர்கள், கோலையும் அடித்தீர்கள், அவ்வளவுதான். அணியில் மற்றவர்களின் உழைப்பை உங்கள் ஒருவர் மனசாட்சிக்காகத் தாரை வார்க்க உங்களுக்கு உரிமை இல்லை என்பதுதான் என் கட்சி. தப்பு நடுவருடையது, அதைச் சரிசெய்ய வேண்டியது தொடரை நடத்தும் கான்ககாஃப் அமைப்பு, பெனால்ட்டி அடிக்கிறவர் அல்ல. பனாமாக்காரர் யாராவது இதைப் படித்தால் என்னைத் திட்டுவார், திட்டட்டும்.

நல்லவேளை, இறுதி ஆட்டத்தில் ஜமைக்காவுக்கு எதிராக யாரும் குறை சொல்ல முடியாத ஒரு கோல் வந்தது. வலப்பக்கமிருந்து பால் அகிலார் போட்ட கிராஸ், தரையில் படும் முன்பே உங்கள் இடது கால். 3-1, கோப்பை, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் உங்களுக்கே. மொத்தம் ஆறு கோல். நடுக்களத்து ஆள் அடிக்கிற கோலா அது? விங்கர் கோல் ஐயா அது!

ஸ்பெயினில் செவியா நகரத்து அணியான பெதிஸில் கழிந்த வருடங்களைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. 2022-இல் செவியாவிலேயே நடந்த கோபா தெல் ரே (ஸ்பெயின் கிளப்புகளின் கோப்பை) இறுதி ஆட்டத்தில் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் உங்களிடம் தோற்றது வலென்சியா என்பதில் எனக்கு இருந்த அற்ப சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. லெஃப்ட் பேக் விவகாரத்துக்கு அது வட்டி மட்டும்தான், அசல் இன்னும் பாக்கி.

உலகக் கோப்பையில் அர்ஜென்டினா உங்களை விடவேயில்லை. 2006, அப்புறம் 2010-இல் தெவெஸின் அப்பட்டமான ஆஃப்சைடு கோல், கடைசியாக 2022 கத்தாரின் லுசைல். அங்கே காயத்தோடு முதல் பாதி முடியும் முன்பே வெளியேறினீர்கள், மெஸ்ஸி கோல் அடித்தபோது நீங்கள் களத்தில் இல்லை.

நீங்கள் கடைசியாக ஆடிய மெக்சிகோ அணி லியோன் விஷயம்தான் எனக்கு ஆறவேயில்லை. 2025 கிளப் உலகக் கோப்பை வரை ஆடலாம் என்று ஓய்வைத் தள்ளிப்போட்டீர்கள். லியோனுக்கும் அதே தொடருக்குத் தகுதி பெற்ற இன்னொரு மெக்சிகோ அணியான பச்சுகாவுக்கும் ஒரே முதலாளி என்று சொல்லி லியோனைத் தொடரிலிருந்தே நீக்கிவிட்டார்கள். விதி சரிதான், ஒரே முதலாளிக்கு ஒரே தொடரில் இரண்டு அணி கூடாது. ஆனால் அந்தப் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டது ஆட்டக்காரர்கள் இல்லையே? நிர்வாகிகள் பேசி எங்களுக்கு அலுத்துவிட்டது. நேரம் கிடைத்தால் இதைப் பற்றி நீங்கள் ஒரு நாள் உட்கார்ந்து விரிவாகப் பேசுங்கள், பெயர் சொல்லியே பேசுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்களை விங்கர் என்றே சொல்லும் ஒரு ரசிகன்