எந்த இடத்துக் குடல்?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முதலாமாண்டு மாணவர்களுக்குத் திசுவியல், அதாவது உடல் திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பாடம், எடுக்கச் சொன்னதில் உனக்குச் சலிப்பு. நோயே இல்லாத ஸ்லைடை வருடம் முழுக்க எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறாய். அந்த வகுப்பை விட்டுவிடாதே.

நான் பயிற்சியில் இருந்தபோது நடந்தது இது. ஒரு பெருங்குடல் பயாப்சி. சுரப்பிகளின் அடியில் செக்கச்செவேல் என்று துகள் நிறைந்த செல்கள் நாலைந்து. பானெத் செல்தானே, குடலில் இருப்பதுதானே என்று ‘நார்மல்’ எழுதிக் கொண்டுபோனேன். மூத்த டாக்டர் ஸ்லைடைத் தொடவே இல்லை. “எந்த இடத்துக் குடல்?” என்றார். படிவத்தைப் பார்த்தேன், இடப்பக்கம். சிறுகுடலிலும் பெருங்குடலின் வலப்பக்கத்திலும் பானெத் செல் இருக்கலாம். இடப்பக்கத்தில் தென்பட்டால், அந்தச் சவ்வு நெடுநாளாகப் புண்பட்டு ஆறி வந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

மறுபடி போய்ப் பார்த்தேன். சோதனைக்குழாய்களை வரிசையாக நிறுத்தியதுபோல் நேராக இருக்க வேண்டிய சுரப்பிகள் வளைந்து, சில இரண்டாகக் கிளைத்திருந்தன. முதல் தடவையும் அதே ஸ்லைடுதான். நேரான வரிசை மனதில் ஊறியிருக்கவில்லை, அதனால் கலைந்தது கண்ணில் படவில்லை.

சளி சுரக்கும் கோப்ளட் செல்லும் அப்படித்தான். குடலில் அது இருக்க வேண்டியது. உணவுக்குழாயின் கீழ்முனைப் பயாப்சியில் வந்தால், அதன் உட்படலம் குடல்போல் மாறும் பாரெட் மாற்றமா என்று பார்க்கிறோம். புராஸ்டேட்டில் தலைகீழ்: அங்கே ஒன்று காணாமல் போவதுதான் துப்பு. சுரப்பியைச் சுற்றி வெளியே ஓடும் அடித்தளச் செல் வரிசை, புற்றுநோயில் இருக்காது. அந்த வரிசையை நூறு நல்ல ஸ்லைடுகளில் பார்த்த கண்ணுக்குத்தான் அதன் இன்மை உறுத்தும்.

சரி, உனக்கு ஒரு யோசனை. முதல் வகுப்பில் ரத்தச் சிவப்பணுவைக் காட்டு. அதன் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரான், பெரும்பாலான ஸ்லைடுகளில் எங்காவது ஓரத்தில் இருக்கும். பக்கத்துச் செல்லின் உட்கரு வீங்கியிருக்கிறதா என்று அதை வைத்தே அளந்துவிடலாம். அப்புறம், ஸ்லைடைக் கொடுக்கும்போது உறுப்பின் பெயரை மறைத்துக் கொடு, அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இங்கே எல்லோரும் நலம். பழைய மைக்ரோஸ்கோப்பை மாற்றியதில் என் கழுத்துவலி குறைந்திருக்கிறது. என்னிடம் நல்ல பெருங்குடல் ஸ்லைடுகள் இருக்கின்றன, வலமும் இடமும் தனித்தனியாக. வேண்டுமானால் எழுது, அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி