மைனஸ் 12 எடுத்தவர் எப்படி வென்றார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆசிய நாடுகளில் நடக்கும் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான ஆசியன் டூரின் முடிவுகளைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தின் கடைசி மூலையில் ஒற்றை வரியாக வெளியிடுகிறீர்கள். சென்ற வாரம் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் அவ்வரியை வாசித்த மாங்காய் மண்டி நண்பர், “மைனஸ் 12 எடுத்தவன் எப்படி சார் ஜெயிப்பான்?” என்று கேட்டார். கோல்ஃபில் பந்தைக் குழிகளில் சேர்க்கக் குறைந்த முறை அடித்தவரே வெற்றியாளர். நான்கு நாளில் 72 குழிகள். நாளுக்கு 72 முறை அடித்து முடிப்பதே இலக்கான மைதானமானால் மொத்தம் 288. அதை 276 அடிகளில் முடித்தவர் 12 குறைவு என்று, தம்ளரை நகர்த்திவிட்டு நாளிதழின் ஓரத்திலேயே கணக்கெழுதிக் காட்டிய பின்னரே அவருக்கு விளங்கியது.

இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கிய ஏறக்குறையப் பாதிப்பேர் வெளியேற்றப்படுவதும், அவர்கள் பரிசுப்பணமின்றிக் கைக்காசில் விமானமேறி அடுத்த நாட்டுப் போட்டிக்குப் போவதும் வெற்றியாளர் பெயரைவிடச் சுவையான செய்தியல்லவா? பல நாடுகளில் இவ்வாறு ஆடிச் சேர்த்ததை வைத்தே பருவத் தரவரிசை அமைகிறது. அதில் நம் இந்திய வீரர்கள் ஜீவ் மில்கா சிங் 2006, 2008 ஆண்டுகளிலும் அனிர்பன் லாஹிரி 2015-லும் முதலிடம் பெற்றனர்.

பணக்காரர் ஆட்டமென்று ஒதுக்குவதும் முழுச் சரியல்ல (மைதானக் கட்டணம் நமக்கு எட்டாதது என்பது வேறு). ஒசூரைத் தாண்டினால் வரும் பெங்களூரில், பிறர் மட்டைப்பையைச் சுமந்து ஆட்டம் கற்ற சி. முனியப்பா 2009-இல் இந்தியன் ஓபன் பட்டத்தையே வென்றார்.

பருவம் நடக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறையேனும் தரவரிசையின் முதல் பத்துப் பெயர்களையும் இந்தியர் நிலையையும் கால் பத்தியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கிருஷ்ணகிரி.