பொருளடைவு உண்டா, இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு புத்தகத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவது என்ற ஒழுங்கு எனக்கு என்றுமே இருந்ததில்லை. சென்ற மாதம் உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’, மண்புழுக்களைப் பற்றி டார்வின் எழுதிய நூல், தமிழில் வந்த தென்னிந்திய வரலாறு ஒன்று, ஒரு துப்பறியும் நாவல் என நான்கும் மாறி மாறி ஓடின. நாவலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொலையாளி யாரென்பது பாதியிலேயே தெரிந்துவிட்டது. மீதியை வீம்புக்குப் படித்தேன்.

டார்வின்தான் கட்டிப்போட்டுவிட்டார். 1881இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் வெளிவந்த அவருடைய கடைசி நூல் இது. மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று சோதிக்கிறார் மனிதர்! விசில் ஊதினால் புழு அசையவில்லை. கத்தினாலும் இல்லை. பக்கத்தில் பியானோவை உரக்க வாசித்தாலும் இல்லை. பிறகு புழுக்கள் இருந்த தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் அவை வளைக்குள் ஓடி ஒளிந்தன. ஓசை எட்டுவதில்லை, அதிர்வு எட்டுகிறது. இவ்வளவையும் அவர் முகம் மாறாமல் சொல்லிக்கொண்டு போகிறார்.

ஏறக்குறைய அதே சமயம், 1880இல், உ.வே.சா. கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் முன் உட்கார்ந்து, படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்குகிறார். முதலியார் மசியவில்லை; சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்தக் கேள்வி 1887இல் அச்சுப் புத்தகமானது.

அதற்குச் சற்று முன்புதான் தாது வருஷப் பஞ்சம். 1876–78இல் நாடு எப்படிக் கிடந்தது என்று வரலாற்று நூலில் எங்கோ படித்த நினைவு. தேடினேன். தலையணை கனத்தில் புத்தகம், எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் காட்டும் பொருளடைவு கடைசியில் இல்லை. ஒரு மாலைப் பொழுது முழுதும் பக்கம் புரட்டியதில் போயிற்று. ஓலைச்சுவடிகளோடு மல்லுக்கட்டிய உ.வே.சா., தம் பதிப்புகளில் அரும்பத அகராதி, பாட்டு முதற்குறிப்பு என்று படிப்பவருக்கு வழி காட்டியிருக்கிறார். கணினியில் அச்சுக்கோக்கும் நமக்கு என்ன வந்தது?

மெய்ப்புத் திருத்தியே காலம் தள்ளியவன் என்பதால் காரணம் எனக்குத் தெரியும். பக்க எண்கள் முடிவான பிறகுதான் பொருளடைவு வேலையை முடிக்க முடியும். அதற்குள் வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அடித்துவிடுவார்கள். கணினி சொற்களைத் திரட்டித் தரும்; எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க, நூலைப் படித்த ஆள் ஒருவர் வேண்டும். அவருக்குக் கூலி கொடுக்கவும் வேண்டும்.

தங்கள் நூல் மதிப்புரைப் பகுதியில் பக்கம், விலை ஆகியவற்றோடு, கதை கவிதை நீங்கலான நூல்களுக்கு ‘பொருளடைவு: உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். ‘இல்லை’ என்று இரண்டு முறை அச்சானால், மூன்றாவது நூலுக்குப் பதிப்பாளரே ஆள் தேடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்