இரண்டு நாள் சான்றிதழ் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநல ஆலோசகர் வேலை பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் திருவாரூர் மாவட்டத்திலும் இந்தப் பக்கம் வர ஆசைப்படுபவர்களைப் பார்க்கிறேன். சந்தோஷம்தான். ஆனால் அதற்கான அடிப்படைப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கட்டுரை இரண்டு வரியில் முடித்துவிட்டது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நான் பள்ளி ஆசிரியை. சில மாதங்களுக்கு முன்புதான் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் ஆலோசகர் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அந்தத் தைரியத்தில் நிவாரணக் குழுவோடு முத்துப்பேட்டைப் பக்கம் போனேன். ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், விழுந்த தென்னை மேல் உட்கார்ந்திருந்தார். "இதெல்லாம் அப்பா வச்ச மரம்மா" என்று ஆரம்பித்தார். நான் உடனே, "கவலைப்படாதீங்க ஐயா, கன்னு வச்சா ஆறேழு வருஷத்துல காய்ச்சிடும், நிவாரணமும் வரும்" என்றேன். தலையை ஆட்டினார். அப்புறம் பேசவே இல்லை. அப்பாவைப் பற்றிப் பேச அவருக்கு அன்று ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் எதிரே இருந்தும் அந்த ஆளாக இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

ஓய்வு பெற்ற பிறகு வாராவாரம் திருச்சிக்குப் பஸ் ஏறி ஒரு வருடப் பயிற்சியை முடித்தேன். முதல் இரண்டு மாதம் அநேகமாக ஒரே வேலைதான். மூன்று மூன்று பேராக உட்காருவோம். ஒருவர் தன் சொந்தச் சங்கடம் ஒன்றைச் சொல்வார், ஒருவர் கேட்பார், மூன்றாமவர் பார்த்துக் குறித்துக்கொள்வார். கேட்பவர் அறிவுரை சொல்லக் கூடாது, தன் கதையை நடுவில் கொண்டுவரக் கூடாது. கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டோமா என்று விசாரிக்கலாம். அவர் மௌனமானால் நாமும் காத்திருக்க வேண்டும். முதல் பதினைந்து நிமிடத்தில் நான் ஒன்பது முறை அறிவுரை சொன்னதாகக் குறித்துக் கொடுத்தார்கள். ஆலோசனை பலன் தர என்னென்ன வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய நிபந்தனைகளில் மூன்றைப் பயிற்சிகளில் சொல்கிறார்கள்: வந்தவர் நிலையில் நின்று உணர்வது, நிபந்தனை இல்லாமல் மதிப்பது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது. மனப்பாடம் செய்ய ஒரு மணி நேரம் போதும். பழக்கத்தில் வர எனக்கு ஒரு வருடம் போதவில்லை.

அடுத்தது, ரகசியம். வருபவரிடம் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கும் முன், எதை மறைக்க முடியாது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியில் வேலை பார்த்த எனக்கு அந்த இரண்டு நாளில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்பதையும் திருச்சியில்தான் கற்றேன். எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், நடுராத்திரியில் அழைக்க 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தவைதான்.

இன்னொரு குறை. பாடமும் உதாரணங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பெருநகர அலுவலகத்து மன அழுத்தத்தைச் சுற்றியே இருந்தன. எங்கள் ஊர்ப் பெண்கள் மன அழுத்தம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு அடைக்குது, தூக்கம் வரல" என்பார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டால், குழுக் கடன் தவணை வெளியே வரும், அறுவடை நேரத்து மழையில் சாய்ந்த குறுவை வெளியே வரும். இதைத் தமிழில், இங்கேயே உட்கார்ந்து பழகினால்தான் பிடிபடும். திருவாரூரிலோ நாகையிலோ மயிலாடுதுறையிலோ கல்லூரிகள் இப்படி ஒரு வருடப் பயிற்சியை வார இறுதியில் நடத்த முன்வர வேண்டும். பயிற்சி முடித்த பிறகும், அனுபவசாலி ஒருவரிடம் மாதாமாதம் தன் வேலையைச் சொல்லித் திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

இந்தப் பயிற்சிகளுக்கான விளம்பரங்கள் உங்கள் இதழிலும் வருகின்றன. நேரடிப் பழக்கம் எத்தனை மணி நேரம், முடித்த பின் மேற்பார்வை செய்வது யார், இந்த இரண்டு விவரங்களையும் கேட்டு வாங்கி அதோடு சேர்த்து அச்சிட்டால், சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் யோசிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
மன்னார்குடி.